பழுதில்லாத பழுது

குருநகரில் எப்பொருள் பழுதடைந்தாலும் முதலிற் குற்றஞ் சாட்டப்படுவது உப்புக் காற்றே. மின்விசிறி நின்றால் உப்புக் காற்று; தொலைக்காட்சியிற் கோடு விழுந்தால் உப்புக் காற்று; துவிச்சக்கரவண்டியின் சங்கிலி இறுகினாலும் அதுவே. கடனீரேரியின் விளிம்பில், கரையூர் என்ற பழம்பெயரோடு வாழ்ந்துவந்த ஊருக்கு இவ்வையம் பொருந்தாததன்று. எனினும், குற்றவாளி எப்பொழுதும் ஆயத்தமாக நிற்குமிடத்தில் விசாரணை நடைபெறுவது அரிது. 2023 ஆம் ஆண்டில் என் தமக்கையார் வீட்டிற் கணினி ஒன்றைப் பற்றி எழுந்த வழக்கு அத்தகையது.

பாரிஸில் வாழும் என் தமையனார் தாம் பயன்படுத்திய மடிக்கணினி ஒன்றைத் தமக்கையின் மகனுக்கு அனுப்பியிருந்தார். உயர்தர வகுப்பில் தொழினுட்பப் பிரிவிற் பயிலும் அவனுக்கு அது படிப்பிற்கென்றே வந்தது. ஆயினும், பதினேழு வயது இளைஞன் ஒருவன் கணினியைப் படிப்பிற்கு மாத்திரமே பயன்படுத்துவான் என எதிர்பார்ப்போர் தம் இளமையை மறந்தோராவர். அவன் மைன்கிராஃப்ட் என்னும் விளையாட்டை அதில் ஏற்றினான். அக்கணினியில் இன்ரெல் செயலியினுள்ளேயே அமைந்த வரைகலைச் சில்லு ஒன்றும், என்விடியா நிறுவனத்தின் தனி வரைகலைச் சில்லு ஒன்றும் இருந்தன. பின்னையது ஆற்றல் மிக்கது. இத்தகைய வேலைக்கென்றே வைக்கப்பட்டது. அவ்வாறிருந்தும், ஒளியும் நிழலும் செறிந்த காட்சிகள் வந்தவுடன் படம் முட்டி முட்டி நகர்ந்தது. செக்கனுக்கு 14 படச்சட்டங்களுக்கு மேல் எழவில்லை.

நகரிலுள்ள திருத்தகம் ஒன்றிற்கு அதனைக் கொண்டுசென்றான். அரைமணி நேரத்தில் தீர்ப்புக் கிடைத்தது. தனிச் சில்லு உப்புக் காற்றினால் இறந்துவிட்டது. அது தாய்ப்பலகையோடு ஒட்டப்பட்டதாகையாற் பலகையையே மாற்றவேண்டும். 85,000 ரூபா ஆகும் என்றனர்.

அத்தான் வள்ளத்திற் சென்று தொழில் செய்பவர். அவ்வீட்டிற் பணத்தின் அளவுகோல் மண்ணெண்ணெயாகும். 2022 ஆம் ஆண்டின் நெருக்கடியில், ஓகஸ்ட் மாதத்தில், லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் 340 ரூபாவாக உயர்ந்ததனை அவர் மறக்கவில்லை. வள்ளத்தின் எஞ்சினுக்கென ஒதுக்கிய பணம் வீட்டில் இருந்தது. அதனை எடுப்பதா என்ற பேச்சு எழுந்தது. அதனினும் கொடியது வேறொன்று. விளையாடி விளையாடியே பையன் கணினியைக் கெடுத்துவிட்டான் என்பது வீட்டில் உறுதியாகிவிட்டது. அவன் மறுத்துப் பேசவில்லை. பேசாதிருந்ததும் அவனுக்கு எதிரான சான்றாயிற்று.

மைன்கிராஃப்ட் விளையாட்டில் எப் 3 என்னும் விசையை அழுத்தினால், எந்தச் சில்லு படத்தை வரைகின்றது என்பது திரையின் வலப்புறத்திற் பெயரோடு தோன்றும். அவனை அழுத்தச் சொன்னேன். தோன்றியது இன்ரெல்லின் பெயர். பின்னர் ராஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தோம். உட்சில்லு நூறு விழுக்காட்டை அண்மித்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது; தனிச் சில்லின் பெயருக்கெதிரே பூச்சியம் என்றிருந்தது. அப்பூச்சியத்தைத்தான் திருத்தகத்தார் மரணமெனக் கொண்டனர் போலும். இறந்த சில்லு பெரும்பாலும் அவ்வாறு அமைதியாகப் பட்டியலில் வீற்றிருப்பதில்லை. ஒன்றில் அது பட்டியலிலேயே இராது. அன்றேல் வின்டோஸ் அதற்கு மஞ்சட் குறியிட்டு, 43 என்ற இலக்கத்தோடு கோளாறு எனச் சாற்றும். இங்கு அவ்வாறு எதுவுமில்லை. சில்லு உயிரோடிருந்தது, எவரும் அதனை அழைக்கவில்லை.

அழைப்பவர் யார் என்பதே வினா. இரு சில்லுகளும் ஒருங்கே இயங்கின் மின்கலம் விரைவில் வற்றிவிடும். ஆதலால் என்விடியா நிறுவனம் 2010 இல் ஒப்ரிமஸ் என்னும் முறையை அறிமுகஞ் செய்தது. இம்முறையிற் கணினித்திரை இணைக்கப்பட்டிருப்பது உட்சில்லோடுதான். தனிச் சில்லு உறங்கிக் கிடக்கும். கனமான வேலை வரும்பொழுது இயக்கி மென்பொருள் அதனை எழுப்பும். அது வரைந்த படம் உட்சில்லின் நினைவகத்திற்குச் சென்று, அங்கிருந்தே திரையை அடையும். திரையைப் பார்ப்போருக்குப் படத்தைக் கொண்டுவந்து கொடுப்பவரின் முகமே தெரியும், வரைந்தவர் தெரியார். எது கனமான வேலை என்பதை இயக்கி பெரும்பாலும் பெயரைக் கொண்டே அறிகின்றது. அதனிடம் நிகழ்ச்சிகளின் பெயர்ப் பட்டியல் ஒன்றுண்டு. நிகழ்ச்சியை எழுதியோரும் தம் கோப்பினுள்ளே ஒரு குறிப்பை வைத்துத் தனிச் சில்லை வேண்டிக்கொள்ளலாம். இவ்விரண்டும் இல்லையேல், விளையாட்டு எத்துணைக் கனமாயினும் உட்சில்லின் தலையில் விழ இடமுண்டு.

மைன்கிராஃப்ட்டின் சிக்கல் இங்கேதான் இருக்கின்றது. அது ஜாவா மொழியில் எழுதப்பட்டது. வின்டோஸின் கண்ணுக்கு அங்கு ஓடுவது விளையாட்டன்று. ஜாவா நிகழ்ச்சிகள் அனைத்திற்கும் பொதுவான ஓட்டியே. கடையின் கணக்குவழக்கை எழுதும் நிகழ்ச்சியையும் அதே ஓட்டி ஓட்டக்கூடும். மருமகன் இதற்கு முன்னரே என்விடியாவின் கட்டுப்பாட்டுப் பலகத்திற்குச் சென்று விளையாட்டின் பெயருக்குத் தனிச் சில்லைத் தெரிவுசெய்திருந்தான். ஆனால் அப்பெயர் விளையாட்டைத் தொடக்கிவைக்கும் நிகழ்ச்சிக்குரியது. அது கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது. தானே நிறுவிய ஜாவா ஓட்டியையும் அவன் தெரிவுசெய்து பார்த்திருந்தான். அதுவும் பயனளிக்கவில்லை. தொடக்கி நிகழ்ச்சி தன் கோப்புறையினுள்ளே தனக்கென வேறோர் ஓட்டியை வைத்திருந்தமையே காரணம். இவற்றையெல்லாம் தனியே முயன்றவனைத்தான் கணினியைக் கெடுத்தவன் என்றார்கள்.

இவ்விடத்தில் அத்தானுக்கு விளக்கஞ் சொல்லவேண்டியிருந்தது. சில்லு, இயக்கி, பட்டியல் எதுவும் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. "எஞ்சின் ஓடுது, வள்ளம் போகேல்லை எண்டால் எஞ்சினையே மாத்துறது, மச்சான்?" என்றார். அதற்குமேல் நான் விளக்கவில்லை.

தனி வரைகலை அட்டைகளின் தொடக்க காலத்தில் இத்தகைய மயக்கத்திற்கு அதிகம் இடமிருக்கவில்லை. 1996 இல் வந்த வூடூ என்னும் அட்டை முப்பரிமாணப் படங்களை மாத்திரமே வரைந்தது. சாதாரண அட்டையிலிருந்து வடமொன்று வூடூவிற்குள் நுழைய, வூடூவிலிருந்து இன்னொரு வடம் திரைக்குச் சென்றது. வழியைக் கையாற் தொட்டுப் பார்க்கலாம். மேசைக்கணினிகளில் இன்றும் அவ்வாறு தொட்டறியத்தக்க குறை ஒன்றுண்டு. விலையுயர்ந்த அட்டையைப் பொருத்திவிட்டுத் திரையின் வடத்தைத் தாய்ப்பலகையின் துளையிற் செருகிவிடுவர். பெரும்பாலும் அட்டை வேலையின்றி இருக்கும். மடிக்கணினியிலோ வழி முழுவதும் உள்ளே மறைந்துவிட்டது.

வழியைத் தேடும் பழக்கம் எம்மிடையே இல்லாதிருந்ததன்று. 1990 தொடக்கம் 1995 வரை குடாநாட்டிற்குத் தேசிய மின்வழங்கல் இருக்கவில்லை. மின்கலங்களும் தடைசெய்யப்பட்ட பொருள்களாயின. துவிச்சக்கரவண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவின் மின்னோட்டத்தில் வானொலி கேட்ட காலமது. வானொலி ஒலிக்காவிடின் வேறு வானொலி வாங்குவதென்ற எண்ணமே எழாது. டைனமோவின் தலை சக்கரத்தைத் தொடுகின்றதா, கம்பி அற்றதா, முனை கறள் பிடித்ததா என ஒவ்வோரிடமாகப் பார்த்துச் செல்வர். அத்தடைக்காலத்தைப் புகழ எனக்கு மனமில்லை. மருந்தின்றி மாண்டோர் பலர். எனினும், மாற்றுப் பொருள் கடையில் தொங்கும் காலத்தில், எவ்விடத்தில் நின்றது என்ற வினாவைக் கேட்கும் பொறுமை குறைந்துவிட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

செய்யவேண்டியிருந்தது சிறிதே. விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கையில் ராஸ்க் மனேஜரிற் ஜாவா ஓட்டியின் பெயரைப் பிடித்து, அக்கோப்பு இருக்குமிடத்தைத் திறந்தோம். வின்டோஸ் 10 இல் 2018 ஏப்ரல் பதிப்பிலிருந்து, எந்த நிகழ்ச்சி எச்சில்லைப் பயன்படுத்தவேண்டுமெனக் குறிக்கும் இடமொன்று உண்டு. அங்கு குறிப்பது என்விடியாவின் பலகத்திற் குறிப்பதனை மேவி நிற்கும். அப்பட்டியலில் அந்தக் கோப்பையே சேர்த்து, உயர் செயற்றிறன் என்பதைத் தெரிவுசெய்தோம். மின்னிணைப்பைச் செருகி விளையாட்டை மீண்டும் தொடங்கினான். எப் 3 ஐ அழுத்தியபோது வலப்புறத்தில் என்விடியாவின் பெயர் நின்றது. படச்சட்டங்கள் 80 ஐத் தாண்டின. தமக்கையார் எட்டிப் பார்த்துவிட்டு, "இனிப் படிக்கவே மாட்டான்" என்றார்.

தொடக்கி நிகழ்ச்சி புதிய ஜாவா ஓட்டிக்கு மாறும்பொழுது அத்தெரிவு பயனற்றுப் போவதுண்டு; அவன் தானே மீண்டும் அமைத்துக்கொள்கின்றான். சென்ற ஆண்டு அவனுடைய தோழர் இருவர் தம் மடிக்கணினிகளை அவனிடம் கொண்டுவந்தனர். ஒன்றில் இதே குறைதான். பத்து நிமிடத்தில் தீர்ந்தது. மற்றையதிற் தனிச் சில்லின் பெயருக்கெதிரே மஞ்சட் குறியும் 43 என்ற இலக்கமும் நின்றன. இயக்கியை நீக்கி இருமுறை புதிதாக ஏற்றிப் பார்த்தான்; மாறவில்லை. அதனைத் திருத்தகத்திற்குக் கொண்டுசெல்லுமாறு அவனே சொல்லியனுப்பினான்.