மலை தெரியாத தெருவில்

கேப் டவுனில் எந்தத் தெருவில் நின்று நிமிர்ந்தாலும் மலை தெரியும். உச்சி தட்டையாக, 1086 மீட்டர் உயரத்தில், கடைக்குப் போகிறவர், பள்ளிக்கு ஓடுகிற பிள்ளை எல்லோர் தலைக்கு மேலேயும் அது நிற்கிறது. திரும்பி வந்து மாதங்கள் ஆகியும் சென்னையில் சாலையைக் கடக்கும்போது என் கண் தானாக மேலே போகிறது. அங்கே மேம்பாலமும் விளம்பரப் பலகையும்தான். சென்னை என் ஊர். அதன்மேல் எனக்கு ஒரு மனக்குறையும் கிடையாது. ஆனாலும் ஒரே ஒரு வாரம் பார்த்த ஊருக்காக மனசு இப்படி அடித்துக்கொள்கிறது.

நான் போனது செப்டம்பரில். அங்கே அப்போதுதான் வசந்தம் தொடங்குகிறது. தென்கிழக்குக் காற்று கிளம்பினால் வெண்மேகம் மலையுச்சியை மூடி, விளிம்பில் வழிந்து இறங்கி, பாதி வழியிலேயே கரைந்துவிடும். ஊர்க்காரர்கள் அதை மேசை விரிப்பு என்கிறார்கள். காற்று பலமாக இருந்தால் 1929 முதல் ஓடிக்கொண்டிருக்கும் கேபிள் காரையும் நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் நிறுத்தட்டும், கீழே நின்று அந்த மேகத்தைப் பார்ப்பதே போதும் என்று தோன்றியது. மறுநாள் மேலே போனேன். பாறை இடுக்கில் டாஸி என்ற பிராணி வெயில் காய்ந்துகொண்டிருந்தது. முயலளவுதான் இருக்கும். யானை அதற்கு நெருங்கிய உறவு என்றார்கள்.

அதிகமாக நினைவில் வருவது சைமன்ஸ் டவுனுக்குப் போகும் ரயில். மியூசன்பெர்க்கைத் தாண்டியதும் தண்டவாளம் கடலை ஒட்டியே ஓடுகிறது. ஜூன் முதல் நவம்பர் வரை திமிங்கிலங்கள் குட்டி ஈனக் கரையோரம் வரும் காலம். சன்னலில் இருந்தே ஒன்றின் கரிய முதுகைப் பார்த்தேன். பெட்டியில் இருந்த பெரியவர் ஒருவர் கை நீட்டிக் காட்டிவிட்டு மறுபடி செய்தித்தாளுக்குள் போய்விட்டார். கால்க் பே துறைமுகத்தில் மீனவர் மீன் அரியும் மேசைக்கடியில் சீல்கள் குடலுக்காகக் காத்துக் கிடந்தன. விலங்கைப் பார்க்க ஜீப்பில் ஏறி வனத்துக்குள் போக வேண்டும் என்றே பழகிய எனக்கு, அவை மனிதரோடு ஒரே தெருவில் குடியிருப்பது புதிது. இப்போது ஏங்குவதும் அந்த நெருக்கத்துக்காகத்தான்.

பவுல்டர்ஸ் கடற்கரைப் பென்குயின்களும் அப்படித்தான். 1980களின் தொடக்கத்தில் இரண்டே இணைகள் வந்து, வீடுகளுக்கு நடுவே இருந்த அந்தக் கரையில் கூடு வைத்தன. பிறகு ஆயிரக்கணக்கில் பெருகின. நான் பார்த்தபோது பழுப்பு மயிர் உதிராத குஞ்சுகள் புதரடியில் தாய்க்காகக் கத்திக்கொண்டிருந்தன. பெரியவை கழுதைபோலவே கத்துகின்றன. மேலே இருக்கும் வீடுகளில் இரவெல்லாம் அந்தச் சத்தம் கேட்குமாம். எனக்கு மட்டும் அங்கே ஒரு வீடு இருந்தால் சன்னலைச் சாத்தவே மாட்டேன்.

அங்கே இன்னொரு பென்குயின் கதையும் கேட்டேன். 2000 ஜூன் 23 அன்று ட்ரெஷர் என்ற சரக்குக் கப்பல், பென்குயின்கள் வாழும் ராபன் தீவுக்கும் டாசன் தீவுக்கும் இடையில் மூழ்கியது. அதிலிருந்து கசிந்த எண்ணெய் படிந்த சுமார் 19,000 பென்குயின்களைப் பிடித்து, ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகக் கழுவினார்கள். எண்ணெய் படாத இன்னும் 19,000க்கு மேற்பட்டவற்றை லாரிகளில் ஏற்றி, கிழக்கே நெடுந்தொலைவில் உள்ள போர்ட் எலிசபெத் கடலில் விட்டார்கள். அவை வீட்டுக்கு நீந்தித்தான் திரும்பும், அதற்குள் கடலைச் சுத்தம் செய்துவிடலாம் என்பது கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை. பீட்டர், பெர்சி, பமேலா என்று பெயரிட்ட மூன்றின் முதுகில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, அவை மேற்கே வருவதை ஊரே நாள்தோறும் கவனித்துக்கொண்டிருந்தது. ஒரு பறவைக்குத் தன் தீவு அவ்வளவு திட்டவட்டமாகத் தெரிந்திருக்கிறது. நான் கேட்ட கதைகளில் இதைத்தான் வீட்டில் எல்லோருக்கும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

திரும்ப முடியாமல் போனவர்களின் ஊரும் கேப் டவுன்தான். மலையடியில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற பகுதியை 1966இல் வெள்ளையருக்கு மட்டும் என்று அறிவித்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் 60,000க்கு மேற்பட்டோரை வெளியேற்றி, வீடுகளை இடித்தார்கள். 1994இல் திறந்த அருங்காட்சியகத்தின் தரையில் அந்தப் பகுதியின் தெருப்படம் விரிந்திருக்கிறது. அங்கே வாழ்ந்தவர்கள் வந்து, தங்கள் வீடு இருந்த இடத்தில் பெயர் எழுதியிருக்கிறார்கள். குனிந்து படித்துக்கொண்டே நடந்தேன். எந்தப் பெயரையும் மிதிக்க மனம் வரவில்லை. வெளியே வந்தால், அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்னும் புல் முளைத்துக் கிடக்கிறது.

அவர்களுக்கு முன்பே, டச்சுக் கம்பெனி ஆட்சியில், கடல் கடந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு. பழைய ஏடுகளில் அவர்கள் பெயருக்குப் பின்னால் ஊர் ஒட்டியிருக்கும்: வங்காளத்து இன்னார், மலபாரின் இன்னார், கோரமண்டலத்து இன்னார். கோரமண்டலம் என் கரை. அங்கிருந்து போனவர்களும் அந்த மலையை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். அவர்கள் கண் தேடியது சமவெளியாக இருந்திருக்கும். விமானச் சீட்டோடு போய் வந்த என் ஏக்கம் அதன்முன் எவ்வளவு சிறியது! இருந்தும் அது என்னை விட்டுப் போகிறதாக இல்லை.

அதில் பயமும் கலந்திருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பத்து லட்சத்துக்கும் மேல் இருந்த ஆப்பிரிக்கப் பென்குயின்களில் இன்று கூடு வைப்பவை பத்தாயிரம் இணைகள்கூட இல்லை. அவை தின்னும் மத்தியையும் நெத்திலியையும் நாம் அள்ளிவிட்டோம். அவை வளை தோண்டிய எச்சப் படிவத்தை ஒரு காலத்தில் உரத்துக்காகச் சுரண்டி விற்றார்கள். 2024இல் அந்த இனம் அழியும் அபாயம் மிக அதிகமுள்ள இனங்களின் பட்டியலுக்குப் போனது. 2025 மார்ச்சில், வழக்கு ஒன்றின் முடிவில், ராபன் தீவு உட்பட ஆறு பென்குயின் குடியிருப்புகளைச் சுற்றிப் பத்து ஆண்டுகளுக்கு வணிக மீன்பிடிக் கப்பல்கள் மத்தியும் நெத்திலியும் பிடிக்கக் கூடாது என்று ஆணை வந்தது. அந்தச் செய்தியைப் படித்த இரவு சந்தோஷத்தில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

அந்தப் பத்து ஆண்டுக்குள் ஒருமுறையாவது போயாக வேண்டும். மியூசன்பெர்க் வருவதற்குள் இடப்பக்கச் சன்னலோரம் இடம்பிடிக்க வேண்டும் என்று தங்கை மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவளுக்குப் பாஸ்போர்ட்டுக்கும் விண்ணப்பித்தாயிற்று.