வெள்ளை நாயும் சொந்தத்துல கல்யாணமும்

சேத்தூர்க்காரன்னு தெரிஞ்சதும் பாதிப் பேர் என்கிட்ட உடம்பைப் பத்திக் கேட்கிறதில்லை. "டாக்டர், உங்க பக்கம் நல்ல ராஜபாளையம் குட்டி கிடைக்குமா? சுத்த வெள்ளையா, மூக்கு ரோஸ் கலர்ல இருக்கணும்" என்றுதான் கேட்கிறார்கள். எங்க மாமா வீட்டில் அந்த நாய்கள் இருக்கின்றன. அவை எப்படி வந்தன, அந்தக் குடும்பத்தில் எதை மாற்றின என்று சொல்கிறேன். நடுவில் கொஞ்சம் மருத்துவமும் வரும். நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. சேத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் கொஞ்சம் மாந்தோப்பு. ராத்திரியில் காட்டுப்பன்றி இறங்கும். 2006-ல் மில்லில் கூட வேலை பார்த்தவர் ஒரு பெட்டைக்குட்டியைக் கொடுத்தார், தோப்புக் காவலுக்கு. அதற்கு முந்தின வருஷம்தான் தபால் துறை நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால்தலை வெளியிட்டிருந்தது. அதில் ராஜபாளையமும் ஒன்று. "ஸ்டாம்புல வந்த நாயாக்கும்" என்று மாமா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

பாளையக்காரர் காலத்திலிருந்து வேட்டைக்கும் காவலுக்கும் வளர்த்த இனம் இது. நின்றால் தோள் உயரம் 65 முதல் 75 செ.மீ. மடிந்த காது, ஒட்டிய வயிறு, வெள்ளை உடம்பு. வெள்ளைக்குத்தான் மதிப்பு. கறுப்பும் செவலையுமாகப் பிறந்த குட்டிகளைப் பிறந்த அன்றே கழித்துவிடும் வழக்கம்கூட இருந்தது.

மதுரையில் ஒரு டாக் ஷோவுக்கு வேடிக்கை பார்க்கப் போனவர், திரும்பி வரும்போது போட்டியாளராகும் முடிவோடு வந்தார். போட்டிக்குக் கென்னல் கிளப் பதிவு வேண்டும். நம்ம நாய்க்கு அப்பா, தாத்தா பெயர் எழுதிய பேப்பர் ஏது? இந்திய இன நாய்களை நேரில் பார்த்துப் பதிவு செய்யும் ஏற்பாடு இருந்ததால் காரியம் நடந்தது. அடுத்த ஷோவில் நாயோடு ரிங்கில் ஓடியது மாமாவின் மகள்.

அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. "லேட்டா பேசுவா" என்று எல்லாரும் சொல்லிச் சொல்லி, நாலு வயசில்தான் கண்டுபிடித்தார்கள். ரிங்கில் நாயை நடத்துவது கயிறும் கைஜாடையும்தான். அது அவளுடைய பாஷை. அந்த வருஷம் ஒரு ரிப்பன் வந்தது. வீடே பூரித்துப்போனது.

ரிப்பன் வந்த நாய் என்றால் குட்டிக்குக் கிராக்கி. குட்டி கொடுத்த நண்பர் வீட்டில் அதே ஈத்தில் பிறந்த கடுவன் இருந்தது. "வெளி நாயைச் சேர்த்தா நிறம் கெட்டுரும். கூடப் பிறந்ததையே விடு, பால் மாதிரி விழும்" என்றார். 2011-ல் ஏழு குட்டிகள். பால் மாதிரியேதான்.

மூணு வாரம் தாண்டியதும் மாமிதான் கவனித்தார். சோற்றுத் தட்டுச் சத்தம் கேட்டதும் ஆறு குட்டி ஓடி வரும். ஒன்று தூங்கிக்கொண்டே இருக்கும். நான் அப்போ ஹவுஸ் சர்ஜன், லீவில் ஊருக்கு வந்திருந்தேன். மாமி என்னைக் கூப்பிட்டு, "இது நம்ம பாப்பா மாதிரி இருக்குப்பா" என்றார்.

ஏழில் அதுதான் நல்ல வெள்ளை. அதற்கு அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. "சொல்லாம கொடுத்துரு, யாருக்குத் தெரியும்" என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. மாமா அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தார். குட்டி வீட்டிலேயே நின்றது. மாமா மகள் அதைக் கைஜாடையிலேயே வளர்த்தாள்.

இனி மருத்துவம்.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி காக்ளியா இருக்கிறது. அதன் ஒரு சுவரில் நிறமி செல்கள் இருக்க வேண்டும். உடம்பு வெள்ளையாக இருக்கக் காரணமான ஜீன்களால் சில நாய்களில் அந்தச் செல்கள் அங்கேயும் போய்ச் சேருவதில்லை. அப்போது, பிறந்த சில வாரங்களில் கேட்கும் செல்கள் செத்துவிடும். டால்மேஷியன் இனத்தில் நடந்த அமெரிக்க ஆய்வுகளில் சுமார் 30 சதவீத நாய்களுக்கு ஒரு காதிலோ இரண்டிலுமோ கேட்கவில்லை. ஒரு காது மட்டும் கேட்காத நாய் பார்க்க நார்மலாகவே இருக்கும். குட்டியும் போடும். மனிதர்களில் இதற்கு உறவான நோய் வார்டன்பர்க் சிண்ட்ரோம்: நெற்றியில் வெள்ளை முடிக்கற்றை, நீலக் கண், காது கேளாமை.

மாமா மகளுக்கு இருப்பது வேறு வகை. கனெக்சின் 26 என்ற ஜீனில் கோளாறு. ஒரு பிரதி கெட்டிருந்தால் ஒன்றும் தெரியாது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் கெட்ட பிரதியே வந்தால் காது கேட்காது. இருவரும் ஒரே தாத்தா பாட்டி வழி என்றால் அப்படி வர வாய்ப்பு கூடும்.

ஆமாம், மாமா கட்டியது சொந்த அக்கா மகளை. என் பெரியம்மா பெண். எனக்கு அவர் மாமியும்தான், அக்காவும்தான்.

கணக்கு இதுதான். பிறக்கும் குட்டியோ குழந்தையோ, ஒரு ஜீனின் இரண்டு பிரதியையும் ஒரே முன்னோரிடமிருந்து பெறும் வாய்ப்பு:

கூடப் பிறந்தவை சேர்ந்தால் 4-ல் 1.
தாய்மாமன், அக்கா மகள் என்றால் 8-ல் 1.
அத்தை மகன், மாமன் மகள் என்றால் 16-ல் 1.

லண்டன் கென்னல் கிளப்பே 2009-ல் கூடப் பிறந்த நாய்களின் குட்டிகளைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது. நம்ம ஊரில்? 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 28 சதவீதம் பேர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள்.

பயமுறுத்தவில்லை. எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறைபாட்டு வாய்ப்பு 2-3 சதவீதம் உண்டு. அத்தை மகன், மாமன் மகள் என்றால் இன்னும் 2-3 சதவீதம் கூடும். பெரும்பாலான குழந்தைகள் நல்லாவேதான் பிறக்கின்றன. ஆனால் தலைமுறை தலைமுறையாக அதே வட்டத்துக்குள் கட்டினால், குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு குழந்தைக்குப் பாதிப்பு இருந்தால், ஆபத்து இதைவிட அதிகம்.

மாமா அதன்பின் கடுவன் தேடிச் சிவகாசிப் பக்கம், திருநெல்வேலிப் பக்கமெல்லாம் அலைந்தார். ஒரு ஈத்தில் செவலைத் திட்டோடு ரெண்டு குட்டி வந்தது. விலை பாதிகூடப் போகவில்லை. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் ராஜபாளையம் பெயரைச் சொன்னதும் போன் ஓயாமல் அடித்தது. அப்போதும் வருஷத்துக்கு ஓர் ஈத்துக்கு மேல் விடவில்லை.

2022-ல் மாமாவின் மகனுக்குப் பெண் பார்க்கும் பேச்சு. பெரியவர்கள் வழக்கம்போல் முறைப்பெண்ணைச் சொன்னார்கள். "நாய்க்கே நாலு ஊர் தள்ளித் தேடுனேன், மகனுக்குத் தேட மாட்டேனா?" என்றார் மாமா. பெரியம்மாவுக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. "அப்போ நான் உனக்குப் பொண்ணு கொடுத்தது தப்புங்கிறியா தம்பி?" மாமா வாயைத் திறக்கவில்லை. மாமிதான், "தப்பில்லம்மா. அப்போ நமக்குத் தெரியாது. இப்போ தெரியுது" என்றார். சங்கரன்கோவில் பக்கம் அசலில் பெண் எடுத்தார்கள்.

உங்களுக்கு நான் சொல்வது:

குட்டி வாங்குகிறீர்களா? எட்டு வாரத்துக்குள் வாங்காதீர்கள், விதிப்படி விற்கவும் கூடாது. தாயும் தகப்பனும் என்ன உறவு என்று கேளுங்கள். குட்டி தூங்கும்போது, தரை அதிராமல், பின்னால் நின்று ஒரு சத்தம் கொடுத்துப் பாருங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் ஆகிவிட்டதா? கவலை வேண்டாம், கர்ப்பத்துக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எந்தக் குழந்தைக்கும் ஒரு மாதத்துக்குள் காது பரிசோதனை, சந்தேகம் என்றால் மூன்று மாதத்துக்குள் உறுதி, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். காக்ளியர் இம்ப்ளான்ட் ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கிடைக்கிறது. "லேட்டா பேசுவா" என்று மட்டும் காத்திருக்காதீர்கள். அந்த வயசு போனால் திரும்ப வராது.