நெசவு ஜீவனம்

மஞ்சள் பையிலிருந்து பெரியவர் எடுத்த தாள் மடிப்புகளில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டப்பட்டிருக்கிறது. மேலே ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை. ஆரணிப் பதிவு அலுவலகத்துக்குப் பக்கத்துத் திண்ணையில் பத்திர எழுத்தர் அதை வாங்கி வெளிச்சத்துக்குத் திருப்புகிறார்.

"இது ஈட்டுப் பத்திரமாச்சே பெரியவரே. தாய்ப்பத்திரம் எங்க?"

"அதுக்குத்தான் வந்தது."

கூட வந்த பேத்திக்கு வேண்டியது வங்கிக் கடனுக்கான வில்லங்கச் சான்று. முப்பது வருஷத்துக்குப் போட்டால் அவளுக்குப் போதும். தாத்தாவுக்குப் போதாது.

எழுத்தர் வாய்விட்டுப் படிக்கிறார். 1938, வெகுதானிய வருஷம் ஆனி மாதம், வட ஆற்காடு ஜில்லா ஆரணியிலிருக்கும் இன்னார் குமாரர் இன்னார், நெசவு ஜீவனம். அந்த இடத்தில் பெரியவரின் விரல் வந்து அமர்கிறது. பட்டு இழை ஓடி ஓடிக் காய்த்த நுனி. இழையின் முறுக்கைச் சோதிப்பதுபோல எழுத்தின்மேல் மெல்லத் தேய்க்கிறார்.

தகப்பன் பெயரும் தொழிலும் பத்திரத்தில் தானாக வந்து விழவில்லை. எழுதிக் கொடுப்பவரின் ஊர், தொழில், சாதி, தகப்பன் பெயர் எல்லாம் வேண்டும் என்றது 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம். தாயின் பெயரால் அறியப்படுபவருக்குத் தாய் பெயர். சாதியை 1956இல் நீக்கினார்கள், மற்றவை நிற்கின்றன. பெயர்வழி ஓர் அட்டவணை, சொத்துவழி ஓர் அட்டவணை. கட்டணம் கட்டினால் யாரும் பார்க்கலாம். ஸ்பானியர் ஆண்ட காலத்து நோட்டரிகள் எழுதிவைத்த கிரயங்களிலும் சீதன ஆவணங்களிலும் மெக்சிகோக்காரர்கள் பாட்டன் பூட்டனைத் தேடுவதும் இப்படித்தான். ஆள் மாறிவிடக் கூடாதே என்று எழுதியது, கைநாட்டு வைத்தவரின் பேரனுக்கு வம்சாவளியாக வந்து சேர்கிறது.

ஆனால் கடன்பட்ட வருஷத்தில்தானே இந்தப் பெயர் ஏறியிருக்கிறது! தறி ஓடி, கூலி வந்து, அடுப்பு தடையில்லாமல் எரிந்த வருஷங்களுக்குப் பதிவுப் புத்தகங்களில் ஒரு வரியும் கிடையாது. இதை நினைக்க மனம் கனக்கிறது.

எழுத்தர் நான்கெல்லைக்கு வந்துவிட்டார். வடக்கே தெரு. மேற்கே சந்து. கிழக்கே ஒருவரின் மனை. பெயரைப் படித்ததும் பெரியவர் நிமிர்கிறார்.

"இன்னொரு தபா படிங்க."

படிக்கிறார்.

"எங்க பாட்டியோட அப்பா அவரு. பக்கத்து வூட்லதான் பொண்ணு எடுத்தாங்கன்னு எங்கம்மா சொல்லும்."

பாட்டியின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. அவள் பிறந்த வீடு மட்டும் கிழக்கெல்லையாக நிற்கிறது. அந்தக் காலத்துப் பத்திரங்களில் பெண் பெயரைப் பார்க்க, பெரும்பாலும் அவள் விதவையாகிக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. 1989இல் தமிழ்நாடு கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு கொடுத்த பிறகு, பாகப்பிரிவினையிலும் விடுதலைப் பத்திரத்திலும் அவர்கள் பெயர் கூடுதலாக ஏறத் தொடங்கியது. அடுத்தவர் கொட்டகையில் கூலிக்கு நெய்து, வாடகை வீட்டில் வாழ்ந்து முடித்தவர்களுக்கு அதுவும் இல்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. நெய்தவர்களில் எத்தனை பேரின் தகப்பன் பெயரைத் தேடி எடுக்க முடியும்?

எழுத்தர் தாளின் கடைசி வரியைக் காட்டுகிறார். "பிதுரார்ஜிதமாய் பாத்தியப்பட்டதுன்னு போட்டிருக்கு பாரும்மா. அவங்கப்பா காலத்துலயே இருந்த வூடு. அந்தப் பெயர்லதான் தேடணும்."

பேத்தி போனில் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் பதிகிறாள். அவளுக்கு அது ஐந்தாவது தலைமுறை.

"உங்க பாட்டி பேரு என்ன தாத்தா?"

அவர் சொல்கிறார். அதையும் பதிகிறாள்.

எழுத்தர் மனுவை எழுத ஆரம்பித்துவிட்டார். "எந்த வருஷத்துலேர்ந்து தேடச் சொல்லட்டும் பெரியவரே? வருஷம் கூடினா பணமும் கூடும்."

"இருக்கிற மொதப் புத்தகத்துலேர்ந்து போடுங்க."