போட்டைக் கழற்றுமுன்

கல்முனையில் கடலுக்குக் கிட்ட வீடு இருப்பவர்களின் லெப்டொப்பைத் திறந்தால், தூசி ஈரச்சேறுபோலக் காற்றாடியில் அப்பியிருக்கும். செம்பு தெரியும் இடங்களில் பச்சைக் களிம்பு. வாடைக் காற்று வீசும் மாரி மாதங்களில் அது இன்னும் வேகமாகப் பூக்கும்.

அப்படியொரு மாரியில்தான் என் திங்பேட் டி480 சார்ஜ் ஏறாமல் நின்றது. அந்த மொடலில் சார்ஜர் குத்தும் டைப்-சி வாய் தனிப் பாகமல்ல, மதர்போட்டிலேயே ஈயம் வைத்துப் பற்றவைத்தது. என்னுடையது பற்றோடு பெயர்ந்து, அடியிலிருந்த செம்புத் தடத்தையும் கிழித்திருந்தது. "போட் செத்துப்போச்சு காக்கா" என்றார் திருத்துகிற தம்பி. 2022இல் சில மாதங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்கு ஏறிய பிறகு, போட்டின் விலையோடு கூலியையும் கொடுக்க எனக்கு வழியில்லை. நானே மாற்றுவதென்று முடிவெடுத்தேன்.

முதல் பிழை வாங்கும்போதே நடந்தது. மொடல் பெயரை மட்டும் பார்த்து வாங்கினேன். டி480இல் என்விடியா சிப் உள்ள போட்டும் உண்டு, இல்லாததும் உண்டு. இரண்டுக்கும் சூடு கடத்தும் செப்புக்குழாய் வேறு. வந்த போட்டில் என் குழாய் உட்காரவே இல்லை. பழைய போட்டின் வெள்ளை ஸ்டிக்கரில் பாக இலக்கம் இருக்கிறது. அதைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். பாவித்த போட்டை வாங்கினால், முந்திய உரிமையாளர் வைத்த பயொஸ் கடவுச்சொல்லும் பூட்டாகக் கிடக்கலாம். அதனால் இரண்டாவது தடவை, பயொஸ் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதைப் பார்த்த பிறகே காசு அனுப்பினேன்.

கைவேலைக்கு வேண்டியது பலமல்ல, அடக்கம். டி480இன் உள் பற்றரியை பயொஸுக்குள் போய் முடக்கிவிட்டுத்தான் திறக்க வேண்டும். ஒரு மட்டையில் லெப்டொப்பின் உருவத்தை வரைந்து, கழற்றிய ஆணிகளை அந்தந்த இடத்தில் குத்தி வைத்தேன். நீள ஆணி குட்டை ஆணியின் துளைக்குள் போனால் புதுப் போட்டையே துளைத்துவிடலாம். தட்டைக் கேபிள்களைப் பிடித்திருக்கும் கறுப்பு மடல் அரிசி அகலம்கூட இல்லை. அதை நகத்தால் நிமிர்த்த வேண்டும், இழுக்கக் கூடாது. என் வேலையில் பாதி நேரம் அந்த மடல்களுக்கே போனது. சிப்புக்கும் செப்புக்குழாய்க்கும் இடையில் பூசும் சூடு கடத்தும் பேஸ்ட் ஒரு பயறளவு போதும். செப்புக்குழாயின் ஆணிகளுக்குப் பக்கத்தில் 1, 2, 3 என்று பொறித்திருப்பார்கள். அந்த வரிசையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் அழுத்தம் ஒரு பக்கம் சாய்ந்து சிப்பின் ஓரம் உடையலாம்.

சுவிட்ச் போட்டதும் திரை கறுப்பாகவே இருந்தது. புதுப் போட் ரெம்மைப் படித்துப் பழக நேரம் எடுக்கும் என்று தெரிந்திருந்தும், அந்த நேரம் மூச்சு விடவில்லை. பிறகு விண்டோஸ், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் பிட்லொக்கரின் 48 இலக்கச் சாவியைக் கேட்டது. பூட்டின் இரகசியம் பழைய போட்டிலிருந்த சிப்போடு போய்விட்டதல்லவா. ஒலுவில் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளின் ஒப்படைகள் எல்லாம் அதற்குள்தான். சாவியை முதல்நாளே எழுதி வைத்திருந்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

இந்த வேலை எனக்குக் கற்றுத்தந்ததை மச்சானின் லெப்டொப்பில்தான் விளங்கிக்கொண்டேன். அதற்கும் "போட் போச்சு" என்றுதான் தீர்ப்பு. மல்டிமீற்றரை வைத்துப் பார்த்தேன். சார்ஜரில் 20 வோல்ட் சரியாக வந்தது, போட்டுக்குள் நுழையும் இடத்தில் இல்லை. இடையிலிருந்த இணைப்பியில் களிம்பு. ஐசோபுரொப்பைல் அல்ககோலும் பழைய பல் பிரஷும் போதுமாயிருந்தன. அந்த லெப்டொப் இன்றும் அதே போட்டில்தான் ஓடுகிறது.

ஆகவே போட்டுக்குக் காசு அனுப்புமுன், வேறொரு சார்ஜரை ஒரு தடவை குத்திப் பாருங்கள். பற்றரியைக் கழற்றியும், ஒரேயொரு ரெம்மை மட்டும் வைத்தும் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள்.