தவிலடியைக் காட்டும் விளக்கு

தவிலில் விழும் ஓர் அடி சில மில்லி விநாடிகளில் உச்சிக்குப் போய்விடும். ஒலியளவைக் காட்டும், ஊசி வைத்த பழைய வி.யு. மீட்டர் அசைந்து கொடுப்பதற்குள் அந்த அடி முடிந்திருக்கும். 1939-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகமும் சி.பி.எஸ்., என்.பி.சி. ஒலிபரப்பு நிறுவனங்களும் சேர்ந்து அந்த மீட்டரை உருவாக்கியபோது, ஊசி தன் இடம் சேரச் சுமார் 300 மில்லி விநாடி ஆக வேண்டும் என்று வகுத்தார்கள். பேச்சுக்கும் வயலினுக்கும் அது பொருந்தும். தவிலையோ பறையையோ பதிவு செய்தால் ஊசி நடுவில் நிதானமாக ஆடிக்கொண்டிருக்கும், பதிவு கிழிந்து போயிருக்கும். எல்இடி விளக்குக்கு அந்தச் சுமை இல்லை, நொடியில் எரிந்து நொடியில் அணையும். ஆனால் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும், எந்த வேகத்தில் இறங்க வேண்டும் என்பதை யாராவது உட்கார்ந்து முடிவு செய்தாக வேண்டும். அதை முடிவு செய்கிறவர்களைப் பார்க்கத்தான் சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன்.

அண்ணா சாலையிலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் திரும்பியதும் கூட்டம் தொடங்கிவிடுகிறது. கேபிள் சுருள்கள், கழற்றிப் போட்ட லேப்டாப் பலகைகள், கேமரா கடைகள். பட்டறை ஒரு மாடியில் இருக்கிறது. எல்லோரும் 'மாஸ்டர்' என்று அழைக்கும் பெரியவர், மைக் செட்காரர்களுக்கு ஆம்ப்ளிஃபயர் கட்டியே தலை நரைத்தவர். இப்போது அவர் மேசையில் இருப்பது ஒரு கன்ட்ரோலர் பெட்டி. வீட்டிலேயே ஸ்டுடியோ வைத்து நாதஸ்வரக் கச்சேரிகளைப் பதிவு செய்யும் ஓர் இளைஞர் கேட்டுச் செய்வது. ஒலியளவை ஏற்றி இறக்க எட்டு ஃபேடர், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் 12 விளக்கு கொண்ட லெவல் மீட்டர், பாடகர் அறைக்குள் பேச ஒரு டாக்பேக் மைக். கணினியில் இருக்கும் மிக்ஸரைக் கையால் தொட்டு ஓட்டுவதற்கான பெட்டி.

எட்டுப் பன்னிரண்டு 96 விளக்குகள். அவற்றைப் பொறுக்குகிறவர் ஓர் அக்கா. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கைபேசி ஆலையில் வேலை பார்த்தவர், ஆலை மூடியதும் இங்கே வந்திருக்கிறார். ஒரே பொட்டலத்தில் வந்த விளக்குகள்கூட ஒன்றுபோல எரிவதில்லை. 9 வோல்ட் பேட்டரியில் ஒரு ரெசிஸ்டரைக் கோத்து, ஒவ்வொரு விளக்கையும் எரித்துப் பார்த்து, பிரகாசத்தின்படி மூன்று கிண்ணங்களில் பிரித்துப் போடுகிறார். அரிசியில் கல் பொறுக்கும் வேகம். ஒரு வரிசைக்கு ஒரே கிண்ணத்திலிருந்துதான் எடுப்பார்.

"நேரா பாத்தா தெரியாது சார். கொஞ்சம் தள்ளி வச்சு, ஓரக்கண்ணால பாருங்க. மங்கலா இருக்கறது தனியாத் தெரியும்."

பார்த்தேன். தெரிந்தது.

பச்சையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நம் கண்ணுக்குப் பகல் வெளிச்சத்தில் 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய பச்சைதான் மிகப் பளிச்சென்று தெரியும். போதாததற்கு, இப்போது வரும் பச்சை எல்இடிகள் பழையவற்றைவிடப் பல மடங்கு பிரகாசமானவை. சிவப்புக்குப் போடும் அதே ரெசிஸ்டரைப் பச்சைக்கும் போட்டால் மீட்டரின் கீழ்ப்பாதி கண்ணைக் கூசும், அபாயத்தைச் சொல்ல வேண்டிய சிவப்பு அமுங்கிவிடும். அதனால் 5 வோல்ட்டில் சிவப்புக்கு 1 கே, பச்சைக்கு 4.7 கே. மஞ்சளுக்கு இரண்டுக்கும் நடுவே கண் ஒப்புகிற அளவு.

பற்றவைப்பதில் அக்காவின் ஒழுங்கு தனி. வரிசை முழுவதையும் ஓர் அக்ரிலிக் துண்டின் துளைகளில் செருகி, ஒவ்வொரு விளக்கிலும் ஒரு காலை மட்டும் பற்றவைக்கிறார். பக்கவாட்டில் வைத்து, உயரம் ஒத்திருக்கிறதா என்று பார்த்து, சாய்ந்திருப்பதைச் சூடு காட்டி நிமிர்த்திய பிறகுதான் மறுகால். விளக்குகள், ரெசிஸ்டர்கள், பன்னிரண்டு ஐசிகள் எல்லாம் சேர்த்து இந்த மீட்டர் பலகையில் மட்டும் 576 பற்றுகள். ஈயம் கலந்த கம்பி, பேஸ்ட்டிலிருந்து எழும் ரோசின் புகை. புகையை வெளியே தள்ள ஜன்னலோரம் ஒரு சின்ன விசிறி ஓடுகிறது. சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அக்கா டீக் கிளாஸைத் தொடுவதில்லை, ஆலையில் பழகியது. அந்த விசிறி மூக்குக்கு இன்னும் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்தப் புகை ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. மாஸ்டரிடம் சொன்னேன், மேசைக்கே ஒரு குழாய் இழுப்பதாகச் சொன்னார்.

ஆம்ப்ளிஃபயர்களில் அவர் எப்போதும் போடுவது எல்எம்3915. பதினெட்டுக் கால் ஐசி, பத்து விளக்கு, ஒன்றுக்கு ஒன்று 3 டெசிபல் இடைவெளி. ஒரு விளக்கு ஏறினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிட்டது என்று பொருள். காது கேட்கும் விதத்துக்கு இசைந்த அளவுகோல் அது. விளக்குக்குப் போகும் சப்ளை ஒயர் 6 அங்குலத்தைத் தாண்டினால் பக்கத்திலேயே ஒரு 10 மைக்ரோ கெபாசிட்டர் போட வேண்டும், இல்லாவிட்டால் ஐசி தானே அலைய ஆரம்பித்துவிடும். அந்த ஐசியின் தகவல் தாளிலேயே இது இருக்கிறது. மாஸ்டர் தாளைப் படித்தவரில்லை, கெபாசிட்டரை மட்டும் ஒருநாளும் விட்டதில்லை.

இந்தப் பெட்டிக்கு அந்த ஐசி உதவாது. இங்கே கணினியிலிருந்து வருவது எண். மேக்கி கன்ட்ரோல் என்ற முறையில் ஒரே பைட்டின் ஒரு பாதி சேனலைச் சொல்லும், மறுபாதி 0 முதல் 12 வரை அளவைச் சொல்லும். நிரலெழுதுவது பாலிடெக்னிக் முடித்த ஒரு தம்பி. மேக்ஸ்7219 என்ற ஐசியைப் போட்டால் ஒன்றே 64 விளக்கை ஓட்டிவிடும், இரண்டில் வேலை முடியும் என்றான். மாஸ்டர் ஒப்பவில்லை. அந்த ஐசி எல்லா விளக்கையும் ஒரே நேரத்தில் எரிப்பதில்லை. நொடிக்குச் சுமார் 800 முறை வரிசை வரிசையாக மாற்றி மாற்றி எரிக்கிறது. கண்ணுக்கு அது தெரியாது. ஆனால் 800 ஹெர்ட்ஸ் காதுக்கு நன்றாகக் கேட்கும் சுருதி. டாக்பேக் மைக்கும் அதே பெட்டியில்தானே இருக்கிறது?

"கண்ணுக்குத் தெரியாததெல்லாம் மைக்குக்குக் கேக்கும்டா தம்பி."

பன்னிரண்டு 74எச்சி595 ஐசிகளைப் போட்டார்கள். ஒன்றுக்கு எட்டு விளக்கு, எரிந்தால் நிலையாக எரியும். செலவு கொஞ்சம் கூடும், பற்றும் கூடும். விளக்குகளின் எர்த் ஒயரையும் மைக்கின் எர்த் ஒயரையும் தனித்தனியே இழுத்து, மின்சாரம் உள்ளே வரும் ஒரே புள்ளியில் சேர்த்தார் மாஸ்டர். 96 விளக்கும் தவிலடிக்குத் தவிலடி எரிந்து அணையும்போது ஏறி இறங்கும் கரன்ட் மைக்கின் வழியில் ஓடினால், ஒவ்வோர் அடிக்கும் ஹெட்ஃபோனில் ஒரு 'டிக்' கேட்கும். ஹெட்ஃபோனை என் காதில் மாட்டி, எல்லா விளக்கையும் ஒருசேர எரித்து அணைத்துக் காட்டினார்கள். சுத்தமாக இருந்தது.

பிறகு வந்தது இறங்கு வேகம். இந்த முறையில் கணினி அளவை அனுப்புவதோடு சரி, விளக்கை இறக்குவது பெட்டியின் பொறுப்பு. ஆம்ப்ளிஃபயர்களில் மாஸ்டர் 10 மைக்ரோ கெபாசிட்டரும் 100 கே ரெசிஸ்டரும் போடுவார். இரண்டையும் பெருக்கினால் ஒரு விநாடி. அப்படி வடியும் மின்னழுத்தம் விநாடிக்கு 8.7 டெசிபல் இறங்கும், 2.8 விநாடியில் 24 டெசிபல். பி.பி.சி. தன் உச்ச மீட்டருக்கு வைத்திருந்த இறங்கு வேகமும் இதுவே. காதையும் கண்ணையும் மட்டும் வைத்துக்கொண்டு மாஸ்டர் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார். கணக்கைப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டிவிட்டுத் தம்பியிடம், "அப்ப ஒரு விளக்குக்கு எவ்வளவு?" என்றார். விளக்குக்கு 3 டெசிபல் என்று கொண்டால் 350 மில்லி விநாடி.

பெட்டிக்கு உரிய இளைஞரும் அன்று வந்திருந்தார். அவருக்கு விளக்கு துள்ள வேண்டும். மெதுவாக இறங்கினால் மீட்டர் தூங்குவதுபோல இருக்கிறது என்றார். என் மனம் மாஸ்டர் பக்கம்தான். பதிவு செய்கிறவர் எட்டுச் சேனலையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தவில் எந்த உயரத்தைத் தொட்டது என்பது, அவர் கண் அங்கே போய்ச் சேரும்வரை நிற்க வேண்டும்.

அரை மணி நேரப் பேச்சுக்குப் பிறகு தம்பிதான் வழி சொன்னான். கீழே உள்ள எட்டுப் பச்சையும் வேகமாக இறங்கட்டும், மேலே உள்ள மஞ்சளும் சிவப்பும் மட்டும் மாஸ்டர் கணக்கில் இறங்கட்டும். எண்களை மாற்றி எழுதி, இளைஞர் கொண்டுவந்திருந்த கச்சேரிப் பதிவை ஓடவிட்டான். நாதஸ்வரத்தின் சேனல் பச்சைக்குள் துள்ளியது. தவிலின் சேனலில் இரண்டாவது மஞ்சள் விழுந்து விழுந்து எழுந்தது, கோர்வை முடியும் இடத்தில் முதல் சிவப்பு எரிந்து நின்றது. அந்த ஃபேடரை இளைஞரே ஒரு விரற்கடை இறக்கினார்.