பெட்டிக்குள் இருப்பது என்ன?

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு நேயர்களில் சிலர் போயிருக்கக்கூடும். செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த பழைய சாமான்கள் கடை கடையாகக் குவிந்து கிடக்கும் இடம் அது. அங்கே விவரம் தெரிந்தவர்கள் ஓர் எனாமல் தூக்கை வாங்கும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். மேலே உள்ள பூவேலையில் மயங்க மாட்டார்கள். சட்டென்று கவிழ்த்து, அடியில் எந்த ஊர் முத்திரை இருக்கிறதென்று பார்ப்பார்கள். விலைப் பேச்சு அதற்கு அப்புறந்தான்.

இத்தனை சாமர்த்தியம் உள்ள நாம், கம்ப்யூட்டர் வாங்கும்போது மட்டும் அதன் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை நம்பிப் பணத்தை எண்ணி வைத்துவிடுகிறோம்!

எங்கள் தெருவில் ஓர் ஆச்சி இருக்கிறார். சீப்புச் சீடையும் தேன்குழலும் சுட்டு விற்றுப் பேத்தியைக் கல்லூரியில் படிக்க வைக்கிறார். எட்டு மாதம் அடுப்படியில் வெந்து சேர்த்த பதினெட்டாயிரம் ரூபாயில், பேத்திக்கு ஒரு பழைய லாப்டாப் வாங்க வேண்டுமென்று புறப்பட்டார்.

"தம்பி, பத்திரிகையில இருக்கீக. நாலு விஷயம் தெரிஞ்சவுக. கூட வாங்களேன்" என்றார். தட்ட முடியுமா?

கடைக்காரர் ஒரு லாப்டாப்பை எடுத்து வைத்து, "ஐ-5, ஆச்சி! எட்டு ஜி.பி.! பதினெட்டாயிரம்" என்றார். வைரத்தோட்டை எடுத்துக் காட்டுகிற தோரணை!

ஐ-5 என்பது இன்டெல் கம்பெனி 2009-ஆம் ஆண்டில் அறிமுகம் செய்த பெயர். அதற்குப் பின் அந்தப் பெயரிலேயே எத்தனையோ தலைமுறைகள் வந்துவிட்டன. இதை ஆச்சிக்கு எப்படி விளக்குவது? "சம்பந்தம் பேசும்போது மாத்தூர் கோயில் என்று சொன்னால் போதுமா, ஆச்சி?" என்று கேட்டேன். "அதெப்படி? எந்தப் பிரிவுன்னு கேக்க வேணாமா?" என்றார். அவ்வளவுதான், விஷயம் விளங்கிவிட்டது.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினேன். 'டாஸ்க் மானேஜர்' திறந்தது. அதில் 'பெர்ஃபார்மன்ஸ்' என்ற பகுதிக்குப் போனால், பெட்டிக்குள் இருக்கும் சமாசாரம் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். ஐ-5-க்குப் பக்கத்தில் 3320 என்று இருந்தது. நான்கு இலக்க எண்ணாக இருந்தால் பெரும்பாலும் முதல் இலக்கந்தான் தலைமுறை. ஆக, இது மூன்றாம் தலைமுறை. 2012-இல் வெளிவந்த சரக்கு. ஞாபகசக்தியோ எட்டு ஜி.பி. அல்ல, நாலுதான்! டிஸ்க்கும் தட்டு சுழலும் பழைய ரகம்.

இந்தத் தலைமுறை விசாரணை வீண் ஆராய்ச்சி அல்ல. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையுமே ஏற்றவை. பழைய யந்திரத்தில் லினக்ஸ் போட்டு ஓட்டலாம், தப்பில்லை. ஆனால் விலையும் அதற்குத் தக்கபடி இருக்க வேண்டும் அல்லவா?

கடைக்காரர் முகம் சுண்டிவிட்டது. "மொத்தமா வாங்கினதுங்க. நானே தொறந்து பாக்கலை" என்றார். அவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை.

திருகாணியைக் கழற்றாமலே இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்று பேத்தி கேட்டாள். நல்ல கேள்வி. பிராஸஸர் சில்லு தன் பெயரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது, கேட்டால் சொல்லும். ஞாபகசக்தி அட்டையிலும் அதன் அளவையும் வேகத்தையும் பதித்துவைத்த குட்டிச் சில்லு ஒன்று உண்டு. ஸ்டிக்கரை யாரும் மாற்றி ஒட்டலாம். இவற்றை அத்தனை சுலபமாக மாற்ற முடியாது.

அடுத்த பெட்டியில் விசைகளைப் பேத்தியே அழுத்தினாள். 8250 என்று வந்தது. எட்டாம் தலைமுறை, 2017. எட்டு ஜி.பி. உண்மையாகவே இருந்தது. டிஸ்க்கும் சுழலாத எஸ்.எஸ்.டி. ரகம். இதற்கும் அதே பதினெட்டாயிரந்தான்!

பாக்கி இருந்தது பாட்டரி. 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் எழுந்த ஊர் காரைக்குடி. பாட்டரியை ஆராய்கிற ஊரில் பாட்டரியைச் சோதிக்காமல் வாங்கலாமா? 'கமாண்ட் ப்ராம்ப்ட்'டைத் திறந்து 'பவர்சிஎஃப்ஜி' என்று ஆங்கில எழுத்தில் அடித்து, ஓர் இடம் விட்டு, ஒரு சாய்கோடும் அதை ஒட்டி 'பேட்டரிரிப்போர்ட்' என்றும் அடித்தால் ஓர் அறிக்கை தயாராகும். அதில் இரண்டு எண்களைப் பாருங்கள்: பாட்டரி பிறந்தபோது கொண்ட மின்சக்தி ஒன்று, இன்று முழுதாக ஏற்றினால் கொள்வது மற்றொன்று. இரண்டாவது எண் முதல் எண்ணில் பாதிகூட இல்லை. ஆச்சி அந்த இரண்டு எண்களையே பிடித்துக்கொண்டு பேசினார். பதினாறாயிரத்தில் வியாபாரம் முடிந்தது. மிச்சம் இரண்டாயிரம் புதுப் பாட்டரிக்கு.

நேயர்களே, உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் இன்றைக்கே அந்த மூன்று விசைகளை அழுத்திப் பாருங்கள். வருகிற விவரங்களை ஒரு காகிதத்தில் எழுதி, ரசீதோடு சேர்த்து வையுங்கள். 'மெமரி' என்ற இடத்தில், இரண்டு பள்ளத்தில் ஒன்று காலியாக இருந்தால் அதுவும் தெரியும். நாளைக்கே பழுது பார்க்கிறவர், "இது தேறாது, புதுசு வாங்கிடுங்க" என்றால், "காலிப் பள்ளத்தில் இன்னொரு அட்டை போட்டுப் பார்க்கலாமே?" என்று கேட்க உங்களுக்கு வாய் இருக்கும்.

புதிதாக வாங்கப் போகும் கடையில், ஓட்டிப் பார்க்க விடமாட்டேன் என்றால்? கும்பிடு போட்டுவிட்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.