துடைத்தெடுத்த துரு

பேரப் பிள்ளைகளின் பொருள்களை அவர்களைக் கேளாமல் தொடுகின்ற தாத்தா பாட்டிமார் இவ்விதழை வாசிக்கும் குடும்பங்களில் பலர் இருப்பர். அவர்களுள் நாங்களும் இருவர். அப்பழக்கத்தால் விளைந்த ஒரு துன்பத்தையும், அத்துன்பம் எங்களுக்குக் கற்பித்த பாடத்தையும் இங்கே எழுத விழைகின்றோம்.

2018ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பணிபுரியும் எங்கள் மகனின் இல்லத்தில் மூன்று திங்கள் தங்கியிருந்தோம். பேரனுக்கு அப்போது பதினான்கு வயது. தமிழ் அவனுக்கு விளங்கும், பேச வராது. அவனுடைய ஆங்கிலம் எங்களுக்குப் பாதிதான் விளங்கும். பள்ளி விடுமுறையாதலால் பகல் முழுவதும் வீட்டின் நிலவறையிலேயே இருப்பான். அங்கே பெரிய மேசையொன்றின்மீது சிறு மலைகள், பாலம், நிலையம், தண்டவாளம் எல்லாம் அமைத்திருந்தான். அவற்றினிடையே எஞ்சினும் சரக்குப் பெட்டிகளும் ஓடும். உண்மை வண்டியின் அளவில் எண்பத்தேழில் ஒரு பங்கு. நாற்பது அடிப் பெட்டி அங்கே ஐந்தரை அங்குலம்.

ஒருநாள் அவன் வெளியே சென்றிருந்தபோது அறையைக் கூட்டப் போனோம். மேசையோரத்தில் ஒரு சரக்குப் பெட்டி தனியே இருந்தது. கூரையெல்லாம் கரி, பக்கங்களில் துரு வழிந்த கோடுகள், அடியில் புழுதி. “பாவம், பிள்ளைக்குத் துடைக்க நேரமில்லை போலும்” என்று இரங்கினோம். வெந்நீர், சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ் ஆகியவற்றோடு அமர்ந்து அரை மணி நேரம் தேய்த்தோம். எழுத்துகள் சில உரிந்து வந்தன. பழைய பெட்டிதானே என்று எண்ணிக்கொண்டோம். பளபளவென்று வெயிலில் காயவைத்து, பேரன் மெச்சுவான் என்று காத்திருந்தோம்.

வந்தான், பார்த்தான், ஒரு சொல்லும் சொல்லவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனான். இரவு உணவுக்கும் மேலே வரவில்லை.

மகன்தான் விளக்கினான். “அம்மா, அது அழுக்கு இல்லை. மூன்று வாரமாக அவன் தீட்டியது. மேலே வார்னிஷ் அடித்து நிலைப்படுத்துவது ஒன்றுதான் பாக்கி.”

அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் நிலவறைக்குச் சென்று, “தெரியாமல் செய்துவிட்டோம், கண்ணா. மறுபடி செய்வதற்கு எங்களால் ஆகும் வேலை ஏதேனும் உண்டா?” என்று கேட்டோம். பேரன் நெடுநேரம் எங்களைப் பார்த்தான். பிறகு ஒரு வண்ணச் சாக்குக்கட்டியையும் சிறு கத்தியையும் எடுத்து எங்கள் கையில் கொடுத்தான்.

அன்று தொடங்கியது எங்கள் பயிற்சி. முதலில் அடிப்பூச்சு; அது காய்ந்தபின் செம்பழுப்புச் சாயம். சாயத்தைப் பால்போல் நீர்க்கக் கரைத்து, காற்றழுத்தத்தால் இயங்கும் சிறு தெளிகருவியால் மெல்லிய படலங்களாகத் தெளிக்க வேண்டும். தடித்துவிட்டால் தகட்டின் ஆணித்தலைகள் மறைந்துபோகும். சரக்குப் பெட்டிகளுக்குரிய அச்செந்நிறம் இரும்பு ஆக்சைடிலிருந்து வருவது. மலிவானது, வெயிலுக்கு எளிதில் வெளுக்காதது. துருவைத் தடுக்கப் பூசும் சாயமும் துருவின் இனமே என்று அறிந்து வியந்தோம்.

அதன்மேல் பளபளப்பு வார்னிஷ். வழவழப்பான பரப்பில்தான் நீரில் நனைத்து ஒட்டும் எழுத்துப் படலங்கள் காற்றுக்குமிழியின்றிப் படியும். அவை காய்ந்தபின் ஒளி மங்கிய வார்னிஷ். இவ்வளவும் முடிந்தால் தொழிற்சாலையிலிருந்து அன்று வெளிவந்த புதுப் பெட்டி கிடைக்கும். அதன்பிறகே அதற்கு முதுமையூட்டும் கலை தொடங்குகின்றது.

பேரன் எங்களுக்கு விதித்த விதி ஒன்றே: ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டும். மழை மேலிருந்து பெய்வதால் துருக் கோடுகள் கீழ்நோக்கியே வழிய வேண்டும். சக்கரம் வாரியடிக்கும் சேறு பெட்டியின் இரு முனைகளில் படியும். நீராவி எஞ்சினில் புகைபோக்கியைச் சுற்றிக் கரி இருக்கும். கொதிகலனின் பக்கங்களில் உப்பு நீர் வடிந்து உலர்ந்த வெண்கோடுகள் இருக்கும். சக்கரத்தின் முகம் துருவேறியிருந்தாலும் தண்டவாளத்தில் உருளும் விளிம்பு மட்டும் மின்னும். விழுப்புரத்தில் ரயில் பாதையோரம் இருபது ஆண்டுகள் குடியிருந்த நாங்கள் ஆயிரமாயிரம் சரக்குப் பெட்டிகளைக் கண்டிருக்கின்றோம். ஆயினும் இவற்றுள் ஒன்றையும் கவனித்ததில்லை!

சாக்குக்கட்டியைச் சுரண்டிப் பொடியாக்கி, மென்மையான தூரிகையால் ஒற்றியெடுப்பது எங்கள் பங்கு. எங்களுள் ஒருவருடைய விரல்கள் கோலமிட்டுப் பழகியவை. பொடியின் அளவை அவை தாமே அறிந்திருந்தன. வார்னிஷ் தெளித்தால் பொடியின் நிறம் பெரும்பகுதி அடங்கிவிடுமாம். ஆகவே வேண்டியதைவிடச் சற்று மிகுதியாகவே இடுமாறு பேரன் சொன்னான். சொன்னது தமிழில். “இன்னும் கொஞ்சம், பாட்டி” என்ற அச்சொற்களே அவன் எங்களிடம் முதன்முதல் பேசிய தமிழ்.

அவனுக்கு இக்கலையைக் கற்பித்த அண்டை வீட்டு முதியவர் ஒருநாள் மாலை வந்தார். 2013இல் உற்பத்தி நின்றுபோன ஃப்ளோக்வில் சாயப் புட்டிகள் சிலவற்றைப் பொன்போல் காத்து வைத்திருப்பவர். எங்கள் பிழையைக் கேட்டுச் சிரித்துவிட்டு ஒரு வரலாறு சொன்னார். கலிபோர்னியாவின் மான்டரே நகரில் ஜான் ஆலன் என்ற புகைப்படக் கலைஞர் வாழ்ந்தார். மாதிரி வண்டிகளை எல்லாரும் புத்தம் புதிதாக மின்னவைத்திருந்த காலத்தில், அவற்றுக்குக் கரியும் துருவும் ஏற்றி உயிர்கொடுத்த முன்னோடி அவர். தம் வீட்டு நிலவறையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஓர் உலகத்தையே கட்டினார். 1973 ஜனவரியில் இறந்தார். சில நாள்களுக்குள் அவ்வீட்டில் தீப்பற்றி, கட்டியதில் பெரும்பகுதி அழிந்தது. “ஆனால் அவர் கற்பித்தது எரியவில்லை. இதோ, இந்தப் பையனின் விரல்களில் இருக்கின்றது” என்றார். பேரன் தலைகுனிந்து புன்னகைத்தான். எங்கள் நெஞ்சின் பாரம் அன்றுதான் இறங்கிற்று.

பெட்டி முடியும் தறுவாயில், “தாத்தா, உங்கள் திருமணம் எப்போது?” என்று பேரன் கேட்டான். 1967 மே மாதம் என்றோம். முற்காலத்தில் உண்மைச் சரக்குப் பெட்டிகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எடைபோட்டு, பழைய எண்ணின்மேல் சிறு கட்டமாகப் புதுச் சாயம் பூசி, புதிய எடையையும் எடையிட்ட மாதத்தையும் ஆண்டையும் பொறிப்பார்களாம். கரியும் துருவும் படிந்த அப்பெட்டியின் பக்கத்தில் சின்னஞ்சிறு தூய கட்டம் ஒன்றைத் தீட்டி, அதில் ‘5-67’ என்று எழுதினான். கண்ணாடியின் துணையின்றி அதனை வாசிக்க எங்களால் இயலவில்லை. கண்ணாடி அணிந்த பின்னரும் கண்ணீர் வாசிக்கவிடவில்லை.

அன்புள்ள பெரியோர்களே, நமக்கு அழுக்காகத் தோன்றுவது நம் பிள்ளைகளின் உழைப்பாக இருக்கலாம். துடைக்குமுன் ஒரு சொல் கேளுங்கள். பிழை செய்துவிட்டால், அவர்களருகே அமர்ந்து அவர்கள் தரும் வேலையைச் செய்யுங்கள். முதுமையின் கறைகளை இத்தனை அன்போடு தீட்டத் தெரிந்த பிள்ளையிடம் எங்கள் நரையையும் சுருக்கத்தையும் மறைக்க வேண்டிய தேவை எங்களுக்கு இனி இல்லை.